ஒரு சாண் மரமேடைக்கு நடந்த பெரும்போர்

முடியாது என்று சொன்னால் என்ன ஆகிவிடும்? வானம் இடிந்து விழாது. ஆர்டிஸின் முகம் வாடும், அவ்வளவுதான். ஆனால் வாடிய முகத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? நான்தான். நாளை காலையும் அவள் தன் தோட்டத்தில் நிற்பாள், நான் என் தோட்டத்தில் நிற்பேன், நடுவில் அந்தச் சொல் கிடக்கும். அதைவிட, சரி என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். இத்தனை வருடமும் அப்படித்தானே?

வாசலில் பக்கத்து வீட்டு ஆர்டிஸ் நுட்சன் எலுமிச்சை கேக் துண்டுகள் அடுக்கிய தட்டோடு காத்து நிற்க, அவள் வந்த காரணம் முன்பே தெரிந்து, கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி இவ்வாறு எண்ணியவள் எவளோ, அவளை வாழ்த்தி இக்கதையைத் தொடங்குகிறோம்.

வாழி, மார்லிஸ் டோர்கெல்சன்! வெஸ்ட் ஹெல்கன் நகரத்து ஸ்கூல் பஸ் என்னும் மஞ்சள் பெருந்தேரைப் பனிப்புயலிலும் பனிச்சறுக்கலிலும் ஓய்வுபெறும் நாள்வரை செலுத்தியவளே. பின்னிருக்கையில் மூண்ட கலகங்களைத் தலைக்குமேல் தொங்கிய கண்ணாடியில் ஒரே ஒரு பார்வை பார்த்து அடக்கியவளே. தேவாலயச் சமையற்கட்டில், உருளைக்கிழங்கு உருண்டைகளால் கூரை வேய்ந்த மாட்டிறைச்சிப் பாத்திரங்களை அடுப்பிலிருந்து வெறுங்கந்தல் பிடித்து இறக்கியவளே. இத்தனை வீரமும் ஒருங்கே வாய்த்தும், எவர் வந்து எது கேட்டாலும் 'அதுக்கென்ன, தாராளமா' என்பதைத் தவிர வேறொரு விடை அறியாத நாவை உடையவளே, வாழி!

நாட்டைப் பாடாமல் போரைப் பாடக் கூடாது. எங்கள் மினசோட்டா, ஏரிகளை எண்ணி முடியாத நாடு. ஆண்டில் பாதி, உறைந்த அந்த ஏரிகளின்மேல் லாரி ஓடும் நாடு. மிச்சப் பாதியில் கொசுக்கள் கொடியேற்றி ஆளும் நாடு. குளிரில் மூக்கு கழன்று விழும் காலையிலும் 'ரொம்ப மோசமில்ல' என்று ஒருவருக்கொருவர் சொல்லி நகரும் மாந்தர் நிறைந்த நாடு. 'இல்லை' என்னும் சொல்லை எல்லையிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்னவோ, எவர் வாயிலும் அது புழங்குவதில்லை. தட்டில் கடைசியாக மிஞ்சும் பலகாரத்தை எடுப்பது இந்நாட்டில் பஞ்சமாபாதகங்களுக்கு அடுத்த ஆறாவது பாதகம். ஆகவே முதலில் வருபவர் அதைப் பாதியாக வெட்டிப் பாதியை விட்டுச் செல்வார், அடுத்தவர் அந்தப் பாதியைப் பாதியாக்குவார், அடுத்தவர் அதையும். மாலையில் தட்டில் மிஞ்சும் துகளைத் தொட எறும்பும் கூச்சப்படும். இதற்குப் பண்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிடிக்கவில்லை என்று சொல்லவும் இவர்களுக்கு வழியில்லை. அதற்காகத் தலைமுறை தலைமுறையாக உலையில் காய்ச்சித் தீட்டி வைத்திருக்கும் வேல் ஒன்றே ஒன்றுதான். அது, 'வித்தியாசமா இருக்கு.' புதுத் திரைச்சீலையைப் பார்த்துத் தோழி அப்படிச் சொல்லிவிட்டால், வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே நன்றி சொல்வாள். தோழியின் கார் தெருமுனை திரும்பியதும் நாற்காலிமேல் ஏறித் திரைச்சீலையைக் கழற்றுவாள்.

இனிப் போரின் காரணம்.

டோர்கெல்சன் மாளிகையின் முன்கதவைத் திறந்தால் நேரே ஒரு படிக்கட்டு. பாதி மேலே ஏறும், பாதி கீழே இறங்கும். தரைமட்டத்தில் வாழ்வதற்கு இடமில்லாத இப்படியொரு வீட்டை எந்தக் குடிகாரச் சிற்பி கண்டுபிடித்தான் என்று தெரியாது, எங்கள் ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான். மேல்தளத்துக் கூடத்தின் பின்சுவரில் ஓர் அகன்ற கண்ணாடிக் கதவு உண்டு. அந்தக் கதவைத் திறந்தால் காற்று. காற்றைத் தவிர ஒன்றுமில்லை. கால் வைத்தால் ஓர் ஆள் உயரம் கீழே புல்தரை. கதவுக்கு வெளியே வரவேண்டிய மரமேடையைப் பற்றி, கதவு கட்டியவன் 'டெக்கை அப்புறம் போட்டுக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டை வாங்கிய மார்லிஸின் கணவன் ரோலண்ட் டோர்கெல்சனும் ஒவ்வொரு கோடையிலும் அதையே சொன்னான். சொல்லிவிட்டு, யாரும் தவறி விழுந்துவிடாமலிருக்கக் கதவுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்து ஆணியடித்தான். பலகை பழுப்பேறியது. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனார்கள். பலகை நின்றது.

கடந்த தை மாதத்துக் கடுங்குளிரில் ரோலண்டுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் இரண்டு பேர் அவனை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். அன்றிலிருந்து அவன் இறங்கவில்லை. சக்கர நாற்காலியில் அந்தக் கண்ணாடிக் கதவின் முன் அமர்ந்து, பலகைக்கு மேலாகக் குளத்தையும், கோரைப் புல்லில் ஊசலாடும் செந்தோள் கரும்பறவைகளையும் பார்த்துக்கொண்டிருப்பான்.

"வெளிய போகணும் போல இருக்கா?" என்று மார்லிஸ் கேட்டால், "பரவாயில்ல, இங்கேருந்தே தெரியுது" என்பான்.

"இந்தக் கோடையை நல்லா அனுபவிங்க" என்றார் மருத்துவர். அடுத்த கோடையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அவருக்கும் எங்கள் ஊர் நாக்குதான். அவர் சொல்லாமல் விட்டது மார்லிஸுக்கு நன்றாகவே கேட்டது. அன்று வீடு திரும்பியதும், பஸ் நேர அட்டவணை ஒன்றின் பின்பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு டெக்கின் படத்தை வரைந்தாள். அப்படத்தையே வாளாகவும் கைப்பையையே கேடயமாகவும் ஏந்தி, தும்பை மாலை கிடைக்காத நாடாகையால் கழுத்தில் ஒரு கம்பளிச் சுற்றைச் சுற்றிக்கொண்டு, நகர அலுவலகம் என்னும் செங்கல் கோட்டையை நோக்கிப் படையெடுத்தாள்.

அக்கோட்டையில் கட்டட அனுமதி என்னும் திறவுகோலைக் காத்து நின்றவன் தென்திசை டெக்சஸிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த ரோமன் எஸ்கமில்லா. ஏப்ரல் மாதத்திலும் தடித்த கோட்டைக் கழற்றாதவன். பெண்களையெல்லாம் மேடம் என்று அழைத்து எங்கள் ஊர்ப் பெண்களைத் திடுக்கிட வைப்பவன். அவன் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு, ஐயகோ, எப்படிச் சொல்வேன், இந்நகர் தோன்றிய நாள்முதல் அந்த மேசைக்குப் பின்னாலிருந்து எவரும் உச்சரித்திராத அச்சொல்லை, கொஞ்சம்கூடத் தயங்காமல், சிரித்த முகத்தோடு உச்சரித்தான்.

"இல்ல மேடம். இது செல்லாது."

இடி விழுந்த ஆலமரம் போல நின்றாள் மார்லிஸ். முன்பிருந்த அதிகாரியாக இருந்தால் 'பாக்கலாமே, ஆயிடும்' என்று சொல்லி, படத்தை ஓர் இழுப்பறையில் போட்டுப் பூட்டி, இலையுதிர்காலம்வரை அவளை நம்பவைத்துக் கொன்றிருப்பார். இவனோ விரல்விட்டு எண்ணினான்: கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் குழந்தையின் தலை நுழையக் கூடாது, தூண் நிற்கும் குழி, பனி இறங்கி மண் உறையும் ஆழத்துக்கும் கீழே போகவேண்டும், படம் பஸ் அட்டவணையில் இருக்கக் கூடாது.

"இதெல்லாம் சரிபண்ணி எடுத்துட்டு வாங்க மேடம். நானே முடிச்சுத் தர்றேன்."

கார் நிறுத்துமிடத்தில், இயந்திரத்தை முடுக்காமல் மார்லிஸ் வெகுநேரம் அமர்ந்திருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அவன் இல்லை என்றான். பிறகு என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னான். இரண்டுக்கும் நடுவில் அவளை அவன் வெறுக்கவில்லை. இத்தனை காலமும் சதுப்பில் நடந்து பழகிய காலுக்குத் திடீரென்று கெட்டித் தரை தட்டுப்பட்டது போலிருந்தது. காரின் மூடிய கண்ணாடிகளுக்குள், எவரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, "இல்ல" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். குரல் யாரோ ஒருத்தியுடையது போலிருந்தது. உடனே வெட்கப்பட்டு வானொலியைப் போட்டாள்.

திருத்திய படத்தோடு சென்றாள், மீண்டாள், மீண்டும் சென்றாள். கைப்பிடி வென்றது, குழி வென்றது, படம் வென்றது. எஞ்சியது ஒரு சாண்.

டோர்கெல்சன் மனை, வெட்டியெடுத்த கேக் துண்டு போல முன்னே அகன்று பின்னே குறுகியது. சக்கர நாற்காலி ஒரு முழு வட்டம் திரும்பும் அகலத்துக்கு டெக் போட்டால், அதன் ஒரு மூலை, வேலியோரம் விடவேண்டிய இடைவெளிக்குள் ஒரு சாண் நுழைந்துவிடும். குறைத்தால் நாற்காலி திரும்பாது. விதிவிலக்கு வேண்டும், விதிவிலக்குக்குக் கூட்டம் கூட்டவேண்டும், கூட்டத்தில் பக்கத்து வீட்டாரின் கருத்தைக் கேட்கவேண்டும். மண்ணாசையால் மாண்ட மன்னர்களே, எழுந்து வந்து பாருங்கள்! நாடு வேண்டாம், ஊர் வேண்டாம், ஒரு சாண் வேலியோரப் புல்லுக்காக இரு பெருங்குடிகள் மோதிய கதை இது.

பக்கத்து வீட்டு ஆர்டிஸ் நுட்சனின் வீரம் ஊரறிந்தது. ஆநிரை கவர்ந்து போரைத் தொடங்குவது பழந்தமிழ் மறவர் முறை என்றால், மார்லிஸின் பனி தள்ளும் மெஷினைக் கவர்ந்து தொடங்கியவள் ஆர்டிஸ். பல பனிக்காலங்களுக்கு முன் ஒரு காலையில் "ஒரு அரை மணி நேரம் குடுங்களேன்" என்று வாங்கிச் சென்றாள். அந்த அரை மணி இன்னும் முடியவில்லை. வெட்சி சூடியவளை எதிர்த்துக் கரந்தை சூடிச் சென்று மீட்க வேண்டிய மார்லிஸோ, ஒவ்வொரு பனிக்காலமும் தன் கார்ப்பாதையை மண்வாரியால் வாரினாள். வேலிக்கு அப்பால், தன்னிடம் வாங்கிப் போன அதே மெஷினை ஓட்டும் ஆர்டிஸுக்குக் கையும் அசைத்தாள். அந்த ஆர்டிஸுக்கு டெக்கின்மேல் என்ன பகை? அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சன்னல் இருந்தது. அந்தச் சன்னலின் ஓரத்தில் குளத்தின் ஒரு மூலை தெரியும். டெக் வந்தால் அந்த மூலையில் இரண்டு தூணும், அவற்றுக்கு நடுவே ஒரு நோயாளியும் தெரிவார்கள். கழுவும்போது அதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

கூட்ட நாள் வந்தது. நகர அலுவலகத்தின் நிலவறை. முரசுக்குப் பதில் காபி கொதிகலன் முழங்கியது. படைக்கலங்களாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மடங்கி விரிந்தன. தலைமை தாங்கியவர் விதைக்கடை லொவெல் ஸ்டென்ருட். பேசவேண்டிய நேரம் வந்தால் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசி எந்தச் சண்டையையும் தூங்கவைக்கும் பேராற்றல் கொண்டவர்.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? சொல்லியே ஆகணும்னு இல்ல" என்றார் லொவெல்.

ஆர்டிஸ் எழுந்தாள். எழும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தாள். மேசைமேல் விரித்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். புற்றிலிருந்து தலைநீட்டும் நாகம் போல, உறையிலிருந்து உருவிய வாள் போல, நாண் தெறிக்க விடுத்த நெருப்புக் கணை போல, அவளுடைய மெல்லிய இதழ்களுக்கிடையிலிருந்து அச்சொல் புறப்பட்டது.

"படத்தை இப்பத்தான் பாக்கறேன். ஆங்... வித்தியாசமா இருக்கு."

லொவெல் கண்ணை மூடினார். கடைசி வரிசையில் ஒருவர் இருமத் தொடங்கி, இருமுவது பக்கம் சேர்வதாகிவிடுமோ என்று பாதியில் நிறுத்தினார். அந்தச் சொல் மார்லிஸின் நெஞ்சில் பாய்ந்து முதுகில் வெளிப்பட்டது. பலகைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ரோலண்டை அவள் நினைத்தாள். படத்தைச் சுருட்டிக்கொண்டு, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழவும் செய்தாள்.

ஆனால் அவையில் ஒருவனுக்கு மட்டும் அந்த வேல் வேலாகத் தெரியவில்லை.

"ரொம்ப நன்றி மேடம்!" என்றான் எஸ்கமில்லா, முகமெல்லாம் பல்லாக. "எல்லாரும் ஒரே மாதிரி டெக்கைக் கட்டிக்கிட்டு இருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரங்களே வித்தியாசமா இருக்குன்னு பாராட்டறது பெரிய விஷயம். அப்போ உங்களுக்கு ஆட்சேபனை ஒண்ணும் இல்லையே?"

ஆர்டிஸின் வாய் திறந்தது. அதில் என்னென்னவோ வந்து முட்டி நின்றதை எல்லோரும் பார்த்தோம். தொட்டியும் சன்னலும் குளத்து மூலையும் தொண்டைவரை வந்தன. அவற்றைச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது; அந்தச் சொல் அவளிடம் இல்லை.

"ஐயோ, எனக்கென்ன... நான் போய்..."

"ஆதரவுன்னு எழுதிக்கறேன் மேடம்."

எழுதிக்கொண்டான். திருத்தலாம்; ஆனால் திருத்தினால் அந்தப் பையனின் மனம் புண்படும். எனவே வெஸ்ட் ஹெல்கன் பெருங்குடி மக்கள் அனைவரும் உண்மையைத் தெரிந்துகொண்டே, பண்பின் பொருட்டு, பொய்க்குக் கைதூக்கினார்கள். விதிவிலக்கு ஒருமனதாக நிறைவேறியது. லொவெல் தன் முழங்காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமைவரை ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்பது விதி. மறுநாள் ஆர்டிஸ் நகர அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"சும்மாத்தான் கேக்கறேன். ஒருவேளை யாருக்காவது அது பிடிக்கலைன்னா?"

"யாருக்கு மேடம்?"

"யாருக்கும் இல்ல. பொதுவா."

"எதிர்க்கறேன்னு ஒரே ஒரு வரி எழுதி, பேரைப் போட்டுக் குடுத்தா போதும் மேடம். உடனே நிறுத்திடுவோம்."

ஒரே ஒரு வரி! ஆர்டிஸ் பேனாவை எடுத்து அமர்ந்தாள். வானிலையைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள். அலுவலகத் தோட்டத்துச் செம்பருத்தியைப் பாராட்டி ஒரு பத்தி எழுதினாள். பேனா அதற்குமேல் நகரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, அடுப்பை மூட்டி எலுமிச்சை கேக் செய்தாள். மார்லிஸே மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டால் எவரும் எவரையும் எதிர்த்ததாகாது அல்லவா? மார்லிஸ் எப்போது விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறாள்?

இதோ, கதை தொடங்கிய வாசலுக்கு வந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை, பிற்பகல். மார்லிஸ் கதவைத் திறந்தாள்.

"தொந்தரவு பண்றேனோ? நான் இப்படியே குடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள் ஆர்டிஸ்.

"உள்ள வாங்க, காபி இருக்கு."

"வேணாம் வேணாம்."

"வாங்க ஆர்டிஸ்."

"வேணாங்க, எதுக்கு சிரமம்."

"ஒரு வாய்."

மூன்றாவது அழைப்புக்குப் பிறகு வருவதுதான் முறை, வந்தாள். மேல்தளத்துச் சமையலறை மேசையில் தட்டை நடுவில் வைத்து எதிரெதிரே அமர்ந்தார்கள். கூடத்திலிருந்து ரோலண்டின் குரல் கேட்டது.

"யாரு அது?"

"ஆர்டிஸ் வந்திருக்காங்க."

"மெஷினைக் கொண்டு வந்தாங்களா?"

பக்கவாதம் ரோலண்டின் காலை எடுத்துக்கொண்டு, நாக்கின் பூட்டைத் திறந்துவிட்டிருந்தது. இரு பெண்களும் அது காதில் விழாதது போல வானிலையைப் பேசினார்கள். தக்காளிச் செடியைப் பேசினார்கள். லொவெலின் முழங்காலைப் பேசினார்கள். துண்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து தட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஆர்டிஸ் அதைப் பாதியாக வெட்டிப் பாதியை எடுத்துக்கொண்டாள். மிச்சப் பாதி, இரு படைகளுக்கும் நடுவே காவலற்று நிற்கும் கோட்டை போல, தட்டில் நின்றது.

எங்கள் ஊரில் வந்த விஷயம் விடைபெறும்போதுதான் வெளியே வரும். ஆர்டிஸ் நாற்காலியைத் தள்ளி எழுந்து, "அப்போ நான் வரட்டுமா" என்று இரண்டுமுறை சொல்லி, கைப்பையைத் தோளில் மாட்டி, சன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் சும்மா யோசிச்சேன். உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம். அந்த டெக்கை அடுத்த வருஷம் வெச்சுக்கிட்டா என்ன? இந்த வருஷம் கொசுவும் ஜாஸ்தி. ரோலண்டுக்கும் பாவம், கடிக்கும்."

அந்தோ! அடுத்த வருஷம் என்னும் அம்பு! கதவு கட்டியவன் விட்ட அம்பு, ஒவ்வொரு கோடையிலும் ரோலண்ட் விட்ட அம்பு, மருத்துவர் விடாமல் கையிலேயே வைத்துக்கொண்ட அம்பு. மார்லிஸின் நாவில் 'அதுக்கென்ன, தாராளமா' தேர்பூட்டித் தயாராக வந்து நின்றது. வாழ்நாளெல்லாம் அதை அன்பு என்றே நம்பியிருந்தாள். இப்போது முதல்முறையாக அதை உற்றுப் பார்த்தாள். அதில் அன்பைவிடப் பயமே அதிகம் இருந்தது. ஆணியடித்த பலகை. யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று அடித்தது. விழவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. கூடத்தில் சக்கர நாற்காலி கண்ணாடியை நோக்கி லேசாகக் கிரீச்சிட்டது. ஏழு கடலும் கரையேறி நிற்க, எட்டுத் திசை யானைகளும் துதிக்கை தூக்கி மூச்சடக்க, மினசோட்டா நாட்டின் அத்தனை ஏரிகளும் அலையின்றிக் காத்திருக்க, அத்தனை கொசுக்களும் சிறகொடுக்கிச் செவிசாய்க்க, மஞ்சள் பெருந்தேர் செலுத்திய அம்மறத்தி தலைநிமிர்ந்தாள்.

"இல்ல ஆர்டிஸ், இந்த வருஷமே கட்டறோம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மார்லிஸ் தட்டில் மிஞ்சியிருந்த அரைத் துண்டை வெட்டாமல் எடுத்துத் தின்றாள்.